கொடியும் கத்தரிக்கோலும்



நாம் செய்த நன்மையைப் பிறரிடம் எடுத்துச் சொல்வது எளிது. செய்த பிழையைச் சொல்வது அத்துணை எளிதன்று. ஆயினும், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு என் பிழை ஒன்றே நல்ல தோற்றுவாயாக அமைகின்றது. ஆதலின் அதனையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, படிப்பின் பொருட்டு இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள லீட்ஸ் நகரில் தங்கியிருந்தேன். நான் குடியிருந்த வீடு முதிய அம்மையார் ஒருவருக்கு உரியது. அவர் கணவரை இழந்தவர். வீட்டின் பின்புறத்துச் சிறு தோட்டத்திலேயே பெரும்பொழுதைக் கழிப்பவர். அத்தோட்டத்தை நோக்கிய செங்கற் சுவர் முழுவதையும் ஒரு கொடி மூடியிருந்தது. நான் சென்று சேர்ந்தது அக்டோபர் மாதம். சில வாரங்களில் அக்கொடியின் இலைகள் யாவும் உதிர்ந்துவிட்டன. குளிர்காலம் முழுவதும் அது பழைய கயிறுகளைச் சுவரில் தாறுமாறாகத் தொங்கவிட்டாற்போலக் காட்சியளித்தது.

பிப்ரவரி மாதத்தில் அம்மையார் தம் மகளைக் காண ஒரு வாரம் வெளியூர் சென்றார். அந்த வாரத்துச் செய்தித்தாள் ஒன்றின் தோட்டப் பகுதியில், ‘கிளெமாட்டிஸ் கொடியைப் பிப்ரவரி இறுதியில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வெட்டிவிட வேண்டும்’ என்று எழுதியிருந்ததைப் படித்தேன். சுவரில் இருந்த கொடி கிளெமாட்டிஸ் என்பதை அம்மையார் வாயிலாக முன்னரே அறிந்திருந்தேன். அவர் திரும்பி வருமுன் அவருக்கு உதவியாக இவ்வேலையை முடித்து வைப்போம் என்று எண்ணினேன். கொட்டகையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன்; அரை நாளில் சுவரைத் துப்புரவாக்கிவிட்டேன்.

அம்மையார் வந்தார், சுவரைப் பார்த்தார், சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அமைதியாக, “வருகிற மே மாதத்துப் பூக்களை எல்லாம் நீங்கள் இப்பொழுதே வெட்டிவிட்டீர்கள். அவை சென்ற கோடையிலேயே உருவாகிவிட்டன. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்” என்றார். அந்தக் கொடியை நட்டவர் அவருடைய கணவர் என்பது எனக்குப் பின்னர்த்தான் தெரிந்தது.

மே மாதம் வந்தது. அதே தெருவில் வேறு மூன்று வீடுகளின் சுவர்களில் கிளெமாட்டிஸ் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் குலுங்கிற்று. எங்கள் சுவர் மட்டும் வெறுஞ்செங்கல்லாக நின்றது.

நான் படித்த செய்தி பொய்யா? பொய்யன்று. கிளெமாட்டிஸில் ஒரு வகைக்கு அது முற்றிலும் பொருந்தும். எங்கள் சுவரில் இருந்ததோ வேறு வகை. பெயர் தெரிந்த மாத்திரத்தில் பொருளும் தெரிந்துவிட்டதாக நான் எண்ணியதே பிழை. அந்தப் பிழைக்குக் கழுவாயாக அக்கொடியைப் பற்றி நான் கற்றவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கிளெமாட்டிஸ் என்பது தனிச் செடி ஒன்றின் பெயரன்று. ஒரு பேரினத்தின் பெயர். ஏறத்தாழ 300 சிற்றினங்கள் அதில் அடங்கும். நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்கும் கருஞ்சீரகம் எந்தத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அதே குடும்பத்தைச் சேர்ந்தது இக்கொடியும். இதன் மலரில் ஒரு வியப்பு உண்டு. நாம் பார்த்து மகிழும் வண்ண இதழ்கள் உண்மையில் அல்லி இதழ்கள் அல்ல. பிற மலர்களில் பசுமையாக இருந்து அரும்பை மூடிக் காக்கும் புல்லி இதழ்களே இங்கு நீலம், ஊதா, சிவப்பு, வெண்மை முதலிய நிறங்களைப் பெற்று விரிகின்றன. பூ உதிர்ந்த பின்னும் இதன் அழகு குறைவதில்லை. ஒவ்வொரு விதையின் தலையிலும் பட்டிழை போன்ற நீண்ட வால் ஒன்று வளரும். இவ்விழைகள் ஒன்றுசேர்ந்து வெள்ளிப் பஞ்சுருண்டைகளாகக் குளிர்காலத்தில் வேலிகளின்மேல் விளங்கும். காற்று வீசும்பொழுது விதைகள் அந்த வாலின் துணையால் பறந்து செல்லும்.

இங்கிலாந்துக்கே உரிய கிளெமாட்டிஸ் ஒன்றுதான். அது சுண்ணாம்பு நிலத்து வேலிகளில் தானே படர்ந்து வளரும் காட்டுக் கொடி. அதன் நரைத்த பஞ்சுருண்டைகளைக் கண்ட நாட்டுப்புற மக்கள் அதனைக் ‘கிழவன் தாடி’ என்று அழைத்தனர். ஜான் ஜெரார்டு என்னும் மூலிகை நூலாசிரியர் 1597ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், வழிநடப்போரின் கண்ணுக்கு இன்பம் தருவது என்பதால் ‘வழிப்போக்கர் மகிழ்ச்சி’ என்று அதற்குப் பெயர் சூட்டினார். அழகிய பெயர்தான். ஆனால் அக்கொடியின் சாறு தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும். பிரான்சு நாட்டில் பிச்சைக்காரர் சிலர் பிறர் இரக்கத்தைப் பெறுவதற்காக அச்சாற்றைத் தடவிப் புண்ணாக்கிக்கொள்வராம்; அதனால் அங்கு அதற்குப் ‘பிச்சைக்காரர் பூண்டு’ என்று பெயர். இக்கொடியை வெட்டும்போது கையுறை அணிவது நன்று. இதே காட்டுக்கொடி நியூசிலாந்துக்குச் சென்று, அங்குள்ள காட்டு மரங்களின்மேல் ஏறி, வெயில் படாமல் அவற்றை மூடி அழிக்கும் களையாகிவிட்டது. ஓரிடத்தில் விருந்தாக இருப்பது மற்றோர் இடத்தில் பகையாகலாம்.

நம் நாட்டுக்கும் கிளெமாட்டிஸ் புதியதன்று. நீலகிரியிலும் பழனி மலையிலும் சில சிற்றினங்கள் காட்டில் தாமே வளர்கின்றன. அவற்றுள் ஒன்று, 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவர அறிஞர் இராபர்ட் வைட் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் தோட்டங்களில் வளர்க்கப்படும் பெருமலர் வகைகளுக்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். அதனால் அவை நம் சமவெளியின் வெப்பத்தை விரும்புவதில்லை. குளிர்நாட்டுத் தோட்டமே அவற்றின் வீடு.

இனி, இக்கொடி எவ்வாறு ஏறுகிறது என்பதைப் பார்ப்போம். அவரைக் கொடி தன் தண்டினாலேயே கொம்பைச் சுற்றிக்கொள்கிறது. பாகற்கொடி பற்றுக்கம்பிகளை நீட்டிப் பற்றுகிறது. கிளெமாட்டிஸ் இவ்விரண்டும் செய்வதில்லை. தன் இலைக்காம்பினால் பற்றுகிறது. அறிஞர் சார்லஸ் டார்வின் ஏறுகொடிகளின் இயக்கத்தைப் பற்றி 1865ஆம் ஆண்டில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதன் பொருட்டு அவர் கிளெமாட்டிஸ் இனங்கள் பலவற்றை ஆராய்ந்தார். இலைக்காம்பின்மேல் மெல்லிய நூல் வளையம் ஒன்றை மாட்டித் தொங்கவிட்டார். அந்த நூலின் சிறு பாரத்தையும் உணர்ந்து காம்பு மெல்ல வளைவதைக் கண்டார். இவ்வாறு வளைந்து பற்றிக்கொண்ட காம்பு நாளடைவில் தடித்து விறகுபோல் உறுதியாகிவிடும். இலை உதிர்ந்தாலும் பிடி நெகிழ்வதில்லை.

இதிலிருந்து தோட்டக்காரர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இலைக்காம்பு குறுகியது, ஆதலின் தடித்த தூணை அதனால் சுற்ற முடியாது. கம்பி, மெல்லிய குச்சி, வலை, பிற செடிகளின் சிறு கிளை ஆகியவையே அதற்கு ஏற்ற கொழுகொம்புகள். பாரி வள்ளல் முல்லைக்குத் தேர் ஈந்த கதையை நாம் அறிவோம். அத்தேரைக் கிளெமாட்டிஸுக்கு ஈந்திருந்தால், அது தேர்க்காலையும் கொடிஞ்சியையும் விட்டுவிட்டுக் கடிவாளக் கயிற்றைத்தான் தேடிப் பிடித்திருக்கும்! சுவரில் ஏற்ற வேண்டுமாயின், ஓரடி அல்லது ஒன்றரை அடி இடைவெளியில் கம்பிகளைக் குறுக்கே கட்டுவர். ரோசாச் செடியின்மீதும் சிறு மரங்களின்மீதும் படரவிடுவதும் உண்டு.

குளிர்நாட்டுத் தோட்டங்களுக்கு இக்கொடிகள் பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்தன. தென்ஐரோப்பாவின் விட்டிசெல்லா என்னும் இனம் முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்திலேயே இங்கிலாந்தை அடைந்துவிட்டது. சீபோல்டு என்னும் ஜெர்மானிய அறிஞர் 1836ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து பேட்டன்ஸ் என்னும் பெருமலர் இனத்தைக் கொணர்ந்தார். இராபர்ட் பார்ச்சூன் என்பவர் 1850ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து லனுகினோசா என்னும் இனத்தை அனுப்பினார். நான் வெட்டிச் சாய்த்த கொடியோ மொண்டானா என்னும் இனம். அதன் தாயகம் இமயமலை. இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த ஆம்ஹர்ஸ்டு பிரபுவின் மனைவியார் அதனை 1831ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் தோட்டங்களுக்கு அறிமுகம் செய்தார். இமயத்திலிருந்து சென்று அங்கு நலமாக வாழ்ந்துவந்த ஒரு கொடியைத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒருவன் வெட்டினான் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு நாணமாக இருக்கிறது.

இவ்வாறு பல நாட்டு இனங்கள் ஒரே தோட்டத்தில் கூடியபின், அவற்றைக் கலந்து புதுவகை காணும் முயற்சி தொடங்கிற்று. இலண்டனுக்குத் தென்மேற்கே உள்ள வோக்கிங் என்னும் ஊரில் ஜாக்மன் குடும்பத்தார் நாற்றுப்பண்ணை நடத்திவந்தனர். அவர்கள் 1858ஆம் ஆண்டில் செய்த கலப்பிலிருந்து வந்த செடி 1862இல் முதன்முதலாகப் பூத்தது. ஆழ்ந்த ஊதா நிறமும் அகன்ற இதழும் கொண்ட அந்தச் செடிக்கு ‘ஜாக்மானி’ என்று பெயரிட்டனர். அது இன்றும் உலகெங்கும் வளர்க்கப்படுகிறது. ஒரு பூ மலரக் காண நான்கு ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி நடும் முறைக்கு வருவோம். நடுவதற்கு ஏற்ற காலம் இளவேனிலும் இலையுதிர்கால முற்பகுதியும் ஆகும். நீர் தேங்காமலும் ஈரம் வற்றாமலும் இருக்கும் வளமான மண் வேண்டும். சுண்ணாம்பு கலந்த மண்ணில்தான் இக்கொடி வளரும் என்று பலர் நம்பியதுண்டு. காட்டுக்கொடி சுண்ணாம்பு நிலத்தில் வளர்வதைக் கண்டு எழுந்த எண்ணம் அது. சுண்ணாம்பு இருந்தால் தீங்கில்லை, இல்லாவிடினும் குறைவில்லை.

சுவரை ஒட்டி நடுவது தவறு. சுவரின் அடி மழை படாத வறண்ட இடம். அதனின்றும் ஓரடி அல்லது ஒன்றரை அடி தள்ளிக் குழி எடுக்க வேண்டும். குழி ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமும் உடையதாக இருத்தல் நலம். நன்கு மக்கிய எருவை மண்ணோடு கலந்துகொள்ள வேண்டும். தொட்டியில் உள்ள செடியை முதலில் நீரில் நன்றாக நனைத்துப் பிறகு நட வேண்டும். பெருமலர் வகையாயின், தொட்டியில் இருந்த மண்ணின் மேற்பரப்பு நிலத்தின் மட்டத்துக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை கீழே இருக்குமாறு ஆழமாக நடுவர். பிற செடிகளை இவ்வாறு ஆழ நட்டால் தண்டு அழுகிவிடும் என்று அஞ்சுவோம். இங்கு அந்த ஆழமே உயிர்க்காப்பு. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இக்கொடி விரும்புவது கிளைக்கு வெயிலும் வேருக்குக் குளிர்ச்சியும். காட்டில் அது புதர்களின் நிழலில் முளைத்து, அவற்றின் தலைக்குமேல் ஏறி வெயிலில் பூக்கும் இயல்புடையது. ஆதலின் அதன் அடியில் தட்டைக் கற்களைப் பரப்புவர். அல்லது குட்டையான பூச்செடிகளை நிழலுக்காக நடுவர். இளவேனிலில் மக்கிய இலையையோ எருவையோ மூடாக்காக இடுவர். ஆயின் அது தண்டைத் தொடாதபடி பார்த்துக்கொள்வர். மழை குறைந்த நாட்களில் நிறைய நீர் ஊற்ற வேண்டும். இளந்தளிர் தோன்றும் காலத்தில் நத்தைகளின் தொல்லை மிகுதி. இரவில் கைவிளக்குடன் சென்று நத்தைகளைப் பொறுக்குவது அங்குள்ள தோட்டக்காரர்களின் வழக்கமான வேலைகளுள் ஒன்று.

நட்ட முதல் ஆண்டில் செடி பெரிதாக வளரவில்லையே என்று மனம் சோரக் கூடாது. அவ்வாண்டில் அது நிலத்தின்கீழ் வேரை வளர்க்கிறது. மேலே அதன் வேகத்தைக் காண இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். எவ்வகையாயினும், நட்டபின் வரும் முதல் குளிர்கால இறுதியில் ஓரடி உயரத்தில் வெட்டிவிடுவர். அதனால் அடியிலிருந்து பல தண்டுகள் கிளைக்கும்.

முதல் ஆண்டுக்குப் பிந்திய கவாத்துத்தான் கிளெமாட்டிஸ் வளர்ப்பின் உயிர்நிலை. இதில் மனப்பாடம் பயன்படாது. ஒரே ஒரு வினாவைக் கேட்டுக்கொண்டால் போதும்: ‘இந்தக் கொடி எந்தத் தண்டில் பூக்கிறது? சென்ற ஆண்டு வளர்ந்த பழைய தண்டிலா, இவ்வாண்டு வளரும் புதிய தண்டிலா?’ இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டு தோட்டக்காரர் கிளெமாட்டிஸை மூன்று பிரிவாகப் பகுத்துள்ளனர்.

முதற் பிரிவு, குளிர்காலத்திலோ இளவேனிலிலோ பூப்பது. மொண்டானா, ஆல்பைனா முதலியவை இதில் சேரும். இவை சென்ற கோடையில் வளர்ந்து முதிர்ந்த தண்டின் கணுக்களில் பூக்கின்றன. குளிர்காலத்தில் அக்கணுக்களில் இருக்கும் சிறு முளைகளுக்குள் பூவின் கரு உறங்கிக்கொண்டிருக்கும். பிப்ரவரியில் கத்தரித்தால் அவ்வளவு பூவும் போய்விடும். இவற்றைக் கத்தரிக்க வேண்டுமாயின், பூத்து முடிந்தவுடனே கத்தரிக்க வேண்டும். அப்பொழுதுதான் அடுத்த ஆண்டுக்குரிய தண்டு வளர்வதற்குக் கோடைகாலம் முழுவதும் கிடைக்கும். இடம் தாராளமாக இருந்தால் கத்தரிக்காமலே விட்டுவிடலாம். நெடுநாளைய தடித்த அடித்தண்டை ஒரேயடியாக வெட்டினால் அது மீண்டும் துளிர்க்காமற்போவதும் உண்டு.

இரண்டாம் பிரிவு, மே, ஜூன் மாதங்களில் பெரிய மலர்களைத் தருவது. பிரான்சு நாட்டில் 1897இல் வெளிவந்த ‘நெல்லி மோசர்’ என்னும் புகழ்பெற்ற வகை இதனைச் சார்ந்தது. இளஞ்சிவப்பு இதழின் நடுவே ஆழ்ந்த சிவப்புக் கோடு ஓடும் மலர் அது. இப்பிரிவில், பழைய தண்டின் கணுவிலிருந்து ஒரு குறுங்கிளை எழும். அக்கிளையின் நுனியில் பூ மலரும். ஆகவே, குளிர்கால இறுதியில் மென்மையாகக் கத்தரிப்பர். ஒவ்வொரு தண்டையும் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டு வருவர். பருத்த முளைகள் இரண்டு எதிரெதிராக இருக்கும் கணுவைக் கண்டதும் அதற்குச் சற்று மேலே வெட்டுவர். உலர்ந்த தண்டுகளை மட்டும் முற்றிலும் நீக்குவர்.

மூன்றாம் பிரிவு, கோடையின் பிற்பகுதியில் பூப்பது. விட்டிசெல்லா, ஜாக்மானி முதலியவை இதில் அடங்கும். இவை அவ்வாண்டு புதிதாக வளர்ந்த தண்டின் மேற்பகுதியில் பூக்கின்றன. பழைய தண்டால் இவற்றுக்குப் பயன் இல்லை. வெட்டாமல் விட்டால் ஆண்டுதோறும் கொடி மேலேமேலே ஏறி, அடிப்பகுதி வெறுங்குச்சியாகவும் பூக்கள் யாவும் எட்டாத உயரத்திலும் இருக்கும். ஆதலின் பிப்ரவரி, மார்ச்சில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஈவிரக்கமின்றி வெட்டிவிட வேண்டும். நான் செய்தித்தாளில் படித்தது இப்பிரிவுக்குரிய அறிவுரை. ஒரு பிரிவின் மருந்தை நான் மற்றொரு பிரிவுக்குக் கொடுத்துவிட்டேன்.

வகையின் பெயர் தெரியாத கொடி ஒன்று நம் பொறுப்பில் வந்தால் என்ன செய்வது? அம்மையார் எனக்குச் சொன்ன வழி எளியது. ஓராண்டு கத்தரிக்கோலைத் தொடாமல் இருக்க வேண்டும். எந்த மாதத்தில், எந்தத் தண்டில் பூக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் கொடியே நமக்கு விடை சொல்லிவிடும்.

நான் தோட்ட வேலையில் இவ்வாறு பாடம் கற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மற்றொரு துன்பம் வந்தது. வாயிலின் அருகே பெருமலர் வகைக் கொடி ஒன்று அரும்பு கட்டி நின்றது. ஒருநாள் மாலையில் நன்றாக இருந்தது. இரண்டு மூன்று நாட்களில் தலை சாய்ந்து, இலைகள் கருத்துத் தொங்கின. நீர் ஊற்றியும் பயனில்லை. ‘இதையும் நாம் கொன்றுவிட்டோமோ?’ என்று கலங்கினேன்.

அது கிளெமாட்டிஸ் வாடல் நோய். ஒருவகைப் பூசணம் தண்டின் காயங்கள் வழியாகப் புகுந்து, தண்டின் உட்பகுதியை அழிக்கிறது. மேலே நீர் ஏறுவது தடைப்படுகிறது. அதனால் கொடி திடீரென்று சாய்கிறது. பெருமலர் வகைகளுக்கே இந்நோய் பெரும்பாலும் வரும்; மொண்டானாவும் விட்டிசெல்லாவும் இதனைத் தாங்கி நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய நாற்றுப்பண்ணைகளில் பெருமலர்க் கொடிகள் இவ்வாறு மடிந்தன. மக்கள் ஊக்கம் இழந்து, பெருமலர்க் கிளெமாட்டிஸ் வளர்ப்பதையே குறைத்துக்கொண்டனர். நோயை உண்டாக்கும் பூசணம் இன்னதென்பது 1915ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சியால் விளங்கிற்று. எனினும், வாடிய கொடி எல்லாம் நோயுற்றது என்று முடிவுகட்டக் கூடாது. வறட்சியாலும், நத்தை கடித்ததாலும், காற்றில் தண்டு முறிந்ததாலும் கொடி வாடும். தண்டை வெட்டிப் பார்க்க வேண்டும். நோயாயின் உட்புறம் கருத்திருக்கும்.

நான் மண்வெட்டியுடன் செடியைத் தோண்டி எறியச் சென்றேன். அம்மையார் தடுத்தார். கருத்த தண்டுகளைத் தரைமட்டம் வரை வெட்டச் சொன்னார். வெட்டியவற்றையும் உதிர்ந்த இலைகளையும் பொறுக்கி எரிக்கச் செய்தார். கத்தரிக்கோலைக் கொதிநீரில் கழுவச் சொன்னார். பிறகு, “மண்ணுக்கு மேலே இருந்ததுதான் இறந்தது. கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பொறுத்திருப்போம்” என்றார். ஆழமாக நட வேண்டியதன் காரணம் எனக்கு அப்பொழுது விளங்கிற்று. மண்ணுக்குள் புதைந்த கணுக்களில் முளைகள் உறங்கிக்கொண்டிருக்கும். நோய் மேற்பகுதியை அழித்தாலும், அம்முளைகளிலிருந்து கொடி மீண்டும் எழும்.

அவ்வாண்டு அது எழவில்லை. வெற்று மண்ணுக்கு வாரந்தோறும் நீர் ஊற்றினேன். வழியிற் செல்வோர் என்னைப் பார்த்து என்ன நினைத்தனரோ, அறியேன்.

இப்பொறுமைக்கு மிகப் பெரிய சான்றாக விளங்கியவர் போலந்து நாட்டுத் துறவி ஸ்தெபான் பிரான்சாக் என்பவர். அவர் வார்சா நகரில் இயேசு சபையின் இல்லத்தில் தோட்டப் பணியை மேற்கொண்டு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிளெமாட்டிஸ் வகைகளை உருவாக்கினார். போரினால் இடிந்து மீண்டும் எழுந்த நகரம் வார்சா. தாம் உருவாக்கிய கொடி ஒன்றுக்கு அவர் வார்சாவின் வெற்றித் தேவதையின் பெயரைச் சூட்டினார்.  கலப்பு விதையை ஊன்றினால் அது முளைக்கவே ஓராண்டுக்கு மேல் ஆகலாம். பூத்துக் காண மேலும் சில ஆண்டுகள் செல்லும். பூத்தவற்றுள் பெரும்பாலானவற்றைத் தகுதியில்லை என்று கழிக்க வேண்டும். இத்தகைய வேலையை முதுமை வரை செய்து, 2009ஆம் ஆண்டில் தம் 92ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய கொடிகள் இன்று பல நாடுகளின் தோட்டங்களில் பூக்கின்றன.

நல்ல வகை ஒன்று கிடைத்துவிட்டால், அதனைப் பெருக்குவதற்கு விதை உதவாது. விதையிலிருந்து எழும் செடி தாயைப்போல் இராது. முதிராத தண்டைத் துண்டாக வெட்டி நடுவர். பிற செடிகளில் கணுவை ஒட்டிக் கீழே வெட்டுவது வழக்கம். கிளெமாட்டிஸிலோ இரண்டு கணுக்களுக்கு நடுவில் வெட்டலாம். அவ்விடத்திலும் வேர் விடும். வீட்டில் வளர்ப்போருக்குப் பதியம் போடுவதே எளிது. நீண்ட தண்டு ஒன்றை வளைத்து, அதன் கணுவை மண்ணில் புதைத்து, மேலே கல்லை வைத்துவிட்டால், ஓராண்டில் புதுச்செடி ஆயத்தமாகிவிடும்.

மாணவ நண்பர்களே, இங்கிலாந்துத் தோட்டத்துக் கொடியைப் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும் என்று உங்களுள் சிலர் கேட்கலாம். நீங்கள் கிளெமாட்டிஸை வளர்க்காமல் இருக்கலாம். ஆனால் உங்கள் ஊரில் மல்லிகை உண்டு, மாமரம் உண்டு. மல்லிகையை நவம்பர் இறுதியில் கவாத்து செய்கிறார்கள். பின்னர் எழும் புதுத்தளிரில் அது பூக்கிறது. மாமரமோ முன் பருவத்தில் வளர்ந்து முதிர்ந்த கிளையின் நுனியில் பூக்கிறது. அதே நவம்பரில் அதன் நுனிகளை வெட்டினால் அவ்வாண்டுக் காய் இல்லை. பூ எங்கே பிறக்கிறது என்ற வினாவைக் கேட்காமல் கத்தியை எடுப்பவர் லீட்ஸ் நகரில் செய்யும் பிழையையே மதுரையிலும் செய்வார்.

கதையின் முடிவைச் சொல்லி நிறுத்துகிறேன். நான் வெட்டிய மொண்டானாவின் அடித்தண்டிலிருந்து அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் இரண்டு முளைகள் தோன்றியிருந்தன. இலையுதிர்காலத்துக்குள் அவை மாடிச் சன்னலின் அடியை எட்டிவிட்டன. அக்குளிர்காலத்தில் அவற்றை யாரும் தொடவில்லை. மறுஆண்டு மார்ச்சில், வாயிலருகே நான் நீர் ஊற்றிவந்த வெற்று மண்ணில், கட்டை விரல் உயரத்துக்குச் செந்நிறத் தளிர் ஒன்று தலைகாட்டிற்று. மே மாதத்தில் சுவரின் கொடி பூத்தது. பழைய நிறைவு இல்லை. சன்னலைச் சுற்றிச் சில கொத்துகள், அவ்வளவே. அம்மையார் நாற்காலியைத் தோட்டத்துக்குக் கொணரச் சொல்லி, அதைப் பார்த்துக்கொண்டு தேநீர் அருந்தினார். நான் கத்தரிக்கோலைத் துடைத்துக் கொட்டகையில் மாட்டிவிட்டு வந்தேன்.